படித்த பையன்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கும் சீனப் போலீசுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிறீர்களா நண்பர்களே? கருத்தரங்குக்குத் தலைப்புகளைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார் எங்கள் சார். எங்கள் மூவர் குழுவுக்கு வந்தது 'சீனாவில் காவல்துறை'!

முதலில் சேர்த்ததெல்லாம் வெறும் விவரங்கள். 1949-ல் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம், 1995-ல் மக்கள் காவலர் சட்டம், அவசரத்துக்கு 110. இதோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தோம். ஹுகோவ் என்ற சொல்லில் வந்து நின்றோம்.

ஹுகோவ் என்பது குடும்பப் பதிவு. நம்ம ரேஷன் கார்டு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 1958-ல் சட்டமானது. பதிவேடு இருப்பது போலீஸ் ஸ்டேஷனில். கிராமத்தில் பதிந்தவன் பிழைப்பு தேடி நகரத்துக்குப் போனால் அப்போது தற்காலிக வசிப்பு அட்டை வாங்க வேண்டியிருந்தது. பிச்சைக்காரர், வீடற்றவர்களைப் பிடித்து ஊருக்கு அனுப்ப 1982-ல் ஒரு விதி போட்டார்கள். போகப் போக அது அட்டை இல்லாத கூலிக்காரர்கள் மேலும் பாய்ந்தது.

சுன் ஜிகாங் என்பவருக்கு வயது 27. ஹூபெய் மாகாணத்துக்காரர். வூஹானில் டிசைன் படித்துவிட்டு, குவாங்சோவில் ஒரு ஆடை கம்பெனியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2003 மார்ச் 17 இரவு பிரவுசிங் சென்டருக்குப் போகிற வழியில் பிடித்தார்கள். வசிப்பு அட்டை இல்லை. நண்பர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். விடவில்லை. மார்ச் 20-ல், பிடிபட்டவர்களுக்கான மருத்துவ நிலையத்தில் இறந்துபோனார். இருதய நோய் என்றார்கள். அடிபட்டுத்தான் செத்தார் என்றது பிரேதப் பரிசோதனை.

அன்று ராத்திரி இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா லோடுமேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான்.

"படிச்ச பையன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களேடா?" என்றார்.

படிப்பு அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் படித்தவர் என்பதால்தான் நாடே பேசியது என்று எனக்குப் படுகிறது. ஏப்ரல் 25 அன்று குவாங்சோ பத்திரிகை ஒன்று செய்தி போட்டது. மே மாதம் சட்டம் படித்த மூன்று இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். ஜூனில் அந்த விதியையே அரசு ரத்து செய்தது. அடித்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. (அந்தப் பத்திரிகை ஆசிரியரையும் 2004-ல் வேறு வழக்கில் ஐந்து மாதம் உள்ளே வைத்தார்கள். அது தனிக் கதை.) அதற்கு முன்னால் பிடிபட்ட கைநாட்டு ஆட்கள் எத்தனை பேர்? எங்கப்பா மாதிரி ஒருவர் என்றால் பேப்பரில் பேராவது வந்திருக்குமா?

"இதையெல்லாம் போட்டா மார்க் வராதுடா, 110 பத்தி ரெண்டு பக்கம் சேர்ப்போம்" என்றான் குழுவில் ஒருவன். பெரிய வாக்குவாதம். கடைசியில் அவனே சார்ட்டில் கொட்டை எழுத்தில் அந்தப் பெயரை எழுதினான்.

கருத்தரங்கில் ஒரு மாணவி எழுந்து, "இப்போ அட்டை வேண்டாமா?" என்று கேட்டாள். ஹுகோவ் இன்றும் இருக்கிறது, 2016 முதல் நாடு முழுக்க 'வசிப்பு அட்டை' என்று வேறு அட்டை வந்திருக்கிறது என்றேன்.