ஐந்து மில்லிமீற்றர்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதனை எதிர்பார்த்திருப்பர் என்பதை யான் அறியாமலில்லை. சங்க காலத்து வாழ்வு பற்றியோ, நாவலர் வகுத்த உரைநடை பற்றியோ எழுதியிருக்கலாம். அவற்றை என்னினும் நன்கு எழுத வல்ல பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். ஆதலின், கடந்த ஓராண்டாக என் நெஞ்சை விட்டு அகலாத ஓர் உருக்குத் தண்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

2011ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு மாணவன் இருந்தான். நன்னூற் புணரியலை நான் நடத்திக்கொண்டிருக்க, அவன் கொப்பியில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். ஒரு முனையிற் சிறு வளையம், மறுமுனையிற் பெரு வளையம், இடையே ஒடுங்கிய தண்டு.

"இது என்ன?"

"கொன்றொட், சேர்."

"அது என்ன செய்யும்?"

"ரண்டைப் பொருத்தும், சேர்."

வகுப்புச் சிரித்தது. நிலைமொழியும் வருமொழியும் பொருந்துவதைப் பற்றி நான் அரைமணி நேரமாகப் பேசியதைப் பரிகசிக்கிறான் என்று கருதி, அன்று பாடம் முடியும்வரை அவனை விறாந்தையில் நிற்கவைத்தேன். அவன் பரிகசிக்கவில்லை, கேட்ட கேள்விக்கு நேரான விடையையே தந்தான் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

சாதாரணதரப் பரீட்சையோடு அவன் கல்லூரியை விட்டு நீங்கிக் கொழும்பிலே தொழில் பழகினான். இன்று அவனுக்குச் சொந்தமாக ஒரு கராச் உண்டு. தானே சேர்த்துக் கட்டிய ஒரு பழைய டொயோட்டாக் காரைக் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளத்தில் அமைந்த ஓட்டப் பாதையில் ஓட்டுகிறான். சென்ற ஆண்டு விடுமுறையின்போது என் வீட்டுக்கு வந்தவன், வாசலிலேயே நின்று கேட்டான்: "சேர், கராச்சிலை நாலு பொடியள் பழகுறாங்கள். இங்கிலிஷ் புத்தகம் விளங்குதில்லை. நான் சொல்லச் சொல்லத் தமிழிலை எழுதித் தருவியளே?"

விறாந்தையை நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

முதற்கண் சொற்களே தடையாயின. பிஸ்டனை நம் பாடநூல்கள் முசலம் என்கின்றன. முசலம் என்பது உலக்கை. யாதவர் குலத்தை அழித்ததாகப் பாரதம் கூறும் இரும்புலக்கையும் அதுவே. இதனை நான் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. முந்திய ஆண்டு ஓட்டத்தின்போது, வளைவொன்றிலே கீழ்க்கியருக்கு மாற்றுகையிற் கை தவறி எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழல, கொன்றொட்டைப் பூட்டிய போல்ற் ஒன்று அறுந்ததாம். அறுந்த தண்டு எஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. துளைபட்ட அந்த உடல் கராச்சின் மூலையிற் கிடந்தது. உள்ளே என் கைம்முட்டி நுழையும். அதனை ஈடுசெய்ய மனைவியின் சங்கிலி அடைவுக்குப் போயிருந்தது. இப்போது கட்டும் எஞ்சினும் அவ்வாறே போகுமாயின் கராச்சே மிஞ்சாது என்றான்.

அவனுடைய எஞ்சின் டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ என்னும் வகையைச் சார்ந்தது. உருளையின் விட்டம் 81 மில்லிமீற்றர். அடிப்பு நீளம் 77 மில்லிமீற்றர். கொன்றொட்டின் நீளம், வளையத்து நடுவிலிருந்து வளையத்து நடுவரை, 122 மில்லிமீற்றர். காற்றை அமுக்கிப் புகுத்தும் டேர்போ முதலியன இல்லை. வளிமண்டலம் தருவதையே இழுத்துக்கொள்ளும் எஞ்சின் அது. அத்தகைய எஞ்சினில் மேலும் வலுப்பெற வேண்டின் மேலும் விரைவாகச் சுழலவேண்டும் என்பதே பெரும்பாலும் வழி. விரைவாகச் சுழலச் சுழல அந்தத் தண்டின் பாடு கொடிதாகிறது.

நண்பர்கள் பலர் அவனுக்குச் சொன்ன புத்தி, தண்டை 5 மில்லிமீற்றர் நீட்டி 127 ஆக்கு என்பது. அமெரிக்க எஞ்சின் வல்லுநர் ஸ்மோக்கி யூனிக் (1923–2001) உள்ளே கொள்ளக்கூடிய மிக நீண்ட தண்டையே போடவேண்டும் என்னும் கொள்கையினர். அவர் பெயர் ஓட்டக்காரரிடையே இன்றும் வேதவாக்காக நிற்கிறது. நீண்ட தண்டு சாய்வு குறைந்து நிற்கும். பிஸ்டனை உருளைச் சுவரோடு குறைவாக உரசவிடும். உச்சியிலே பிஸ்டன் சிறிது கூடத் தாமதிக்கும். இவை யாவும் உண்மையே. ஆனால் எவ்வளவு உண்மை என்பதுதான் அவன் என்னை எழுதச் சொன்னது.

இங்கே நான் ஒரு பிழை விட்டேன். "தண்டு நீண்டால் பிஸ்டனின் சராசரி வேகம் குறையும்" என்று என் போக்கில் அழகாக ஒரு வாக்கியம் எழுதினேன். அவன் வாசித்துவிட்டு, மிக மரியாதையாக, "அது வராது, சேர்" என்றான். சராசரி வேகம் அடிப்பு நீளத்தையும் சுற்றையுமே பொறுத்தது. நிமிடத்துக்கு 8000 சுற்றில் அது செக்கனுக்கு 20.5 மீற்றர், தண்டு குட்டையாயினும் நெட்டையாயினும் அதுவேதான். மாறுவது, ஒரு சுற்றுக்குள் அந்த வேகம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பது மட்டுமே. கிராங்க் உச்சியிலிருந்து கால்வாசி திரும்பும்போது பிஸ்டன் பாதி வழி வந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அதுவும் அன்று. தண்டு சாய்வதனால் 77இல் 44.7 மில்லிமீற்றர் வந்துவிடுகிறது. தண்டை 127 ஆக்கினால் அது 44.5 ஆகும். அந்தக் கால் மில்லிமீற்றருக்காகவே ஓட்டக்காரர் இரவிரவாக வாதிடுகின்றனர். அவன் என்னை விறாந்தைக்கு அனுப்பவில்லை, தேநீர் வருவித்தான்.

இருவருமாக இருந்து கணக்கைப் பார்த்தோம். பிஸ்டன், வளையங்கள், ஊசி யாவும் சேர்ந்து 400 கிராம் எனக் கொண்டால், 8000 சுற்றில் அது உச்சியிலே திசைமாறும்போது தண்டை இழுக்கும் இழுவை ஏறத்தாழ 1450 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். காரின் முழு நிறையையும்விட அது அதிகம். கழிவை வெளியேற்றி முடிக்கும் உச்சியிலே எதிரழுத்தம் தர எரிவாயுவும் இல்லாமையால், இழுவை முழுவதும் தண்டின்மீதும் அதன் இரண்டு போல்ற்றுகளின்மீதும் விழுகிறது. நிமிடத்துக்கு 4000 தடவை இது நிகழும். தண்டை 5 மில்லிமீற்றர் நீட்டினால் இந்த இழுவை எவ்வளவு குறையும்? ஏறத்தாழ 14 கிலோ, நூற்றுக்கு ஒரு பங்கு. சாய்வு 18.4 பாகையிலிருந்து 17.6 பாகைக்கு இறங்கும். ஆனால் சுற்று 8000இலிருந்து 9000க்கு ஏறினால், இழுவை சுற்றின் வர்க்கத்தோடு வளர்வதால், 1450 கிலோ 1830 ஆகிவிடும். நூற்றுக்கு 27 பங்கு மிகுதி. முந்திய எஞ்சினை உடைத்தது தண்டின் நீளக்குறைவன்று; ஒரு கணக் கைத்தவறு. தாளிலே இரண்டு எண்களையும் அருகருகே எழுதியபின் அவன் நெடுநேரம் பேசவில்லை.

நீளத்தால் வேறு பயன் இல்லையென்று சொல்லிவிட முடியாது. எஞ்சினின் உயரம் மாறாதிருக்கத் தண்டு 5 மில்லிமீற்றர் நீண்டால், பிஸ்டனில் ஊசித்துளை அதேயளவு மேலே ஏறவேண்டும். பிஸ்டன் குட்டையாகிக் கனங்குறையும், அது நன்று. ஆயின் ஊசி மேலேற எண்ணெய் வளையத்துக்கு இடம் நெருங்கும். உச்சிக்கும் ஊசிக்கும் இடையே உலோகம் மெலியும். அத்தகைய பிஸ்டன்களைச் சொல்லிச் செய்விக்க வேண்டும். கடையில் எடுக்க முடியாது. அதற்கான பணம் அவன் கையிலிருந்ததில் முக்காற் பங்கு. காற்று இழுக்கும் வகையிலோ, குட்டைத் தண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து விரைந்து கீழிழுப்பதால் உறிஞ்சலை முந்தித் தொடக்கும். நீண்டது சற்றுப் பிந்தும். எது நல்லது என்பதை வால்வும் கெம் தண்டும் காற்றுக் குழாயின் நீளமும் சேர்ந்தே முடிவுசெய்கின்றன.

தண்டின் நீளத்தை அடிப்பு நீளத்தால் வகுத்துவரும் எண்ணை ஓட்டக்காரர் சிலர் சாதகம்போலப் பார்க்கின்றனர். ஹொண்டாவின் எஸ்2000 காரிலே 84 மில்லிமீற்றர் அடிப்புக்கு 153 மில்லிமீற்றர்த் தண்டு; எண் 1.82. அது 9000 சுற்றுவரை போகும் எஞ்சின். பிஎம்டபிள்யூவின் எஸ்54 எஞ்சினிலே 91 மில்லிமீற்றர் அடிப்புக்கு 139 மில்லிமீற்றர்த் தண்டு, எண் 1.53 மாத்திரமே. அதுவும் டேர்போ இல்லாமலே 8000 சுற்றில் நின்று புகழீட்டியது. அவனுடையதோ 1.58, நீட்டினால் 1.65. இவ்வெண் ஒன்றைக் கொண்டே எஞ்சினின் தரத்தைத் தீர்ப்பது, பெயரின் எழுத்தெண்ணி ஒருவனுடைய குணத்தைச் சொல்வது போன்றது என்பது என் துணிபு. அவன் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டான்.

மூன்றாம் நாள் முடிவு செய்தான். தண்டு 122 ஆகவே இருக்கட்டும். ஆனால் அடித்து உருவாக்கிய உறுதியான தண்டும், உயர்ந்த தரத்துப் போல்ற்றுகளும், கடையிற் கிடைக்கும் கனங்குறைந்த பிஸ்டனும் வாங்குவது. மிஞ்சும் பணத்தை எஞ்சின் தலையின் காற்றுவழிகளைச் சீர்செய்வதில் இடுவது. 7800 சுற்றுக்கு மேல் ஓட்டுவதில்லை எனத் தனக்குத்தானே விதிப்பது. நண்பர்கள் கேலி செய்தனர். ஒருவர், தமிழ் வாத்தியாரிடம் எஞ்சின் சாத்திரம் கேட்டவன் என்று என் முன்னிலையிலேயே சொன்னார். எனக்கு உள்ளூர அச்சமாயிருந்தது. என் தாளிலுள்ள எண்ணொன்று பிழைத்திருந்தால்? கணித ஆசிரியரிடம் இரகசியமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சரியென்றார்.

ஓட்டத்தன்று கட்டுக்குருந்தைக்குச் சென்று வேலியருகே நின்றேன். அவனுடைய வண்டி வளைவை அணுகித் தாழ்கியருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஏழாவதாக வந்தான். முன்னே சென்ற அறுவரில் இருவர் நீண்ட தண்டுக்காரர்.

மறுவாரம் எஞ்சினைக் கழற்றினான். பொடியள் நால்வரும் நானும் சூழ்ந்து நின்றோம். பூட்டுமுன் ஒவ்வொரு போல்ற்றினதும் நீளத்தை நுண்ணளவுகோலால் அளந்து சுவரில் எழுதியிருந்தான். என் தமிழ்த் தாளும் அதே சுவரில், எண்ணெய்க் கைரேகைகளோடு ஒட்டப்பட்டிருந்தது. ஆயினும் பொடியள் முசலம் என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். எட்டுப் போல்ற்றுகளையும் மீண்டும் அளந்தான். ஏழு மாறவில்லை. மூன்றாம் உருளையினது மட்டும் மயிரிழை நீண்டிருந்தது. அவன் அதனை என் கையில் தந்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டையும் வாளியிலே போட்டுவிட்டுப் புதியவற்றின் பொதியைப் பிரித்தான்.