பிக்கப்புக்குப் பட்டை கூட்டுன கதை

பத்துப் பதினைஞ்சு நாளா எழுத முடியல. தக்காளி பறிப்பு ஒரு பக்கம், வண்டி வேலை ஒரு பக்கம். அந்த வண்டிக் கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன். இதுல முழுக்க என் முட்டாள்தனம்தான். சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. இருந்தாலும் எழுதிடறேன்.

எங்கிட்ட இருக்குறது 2010 மாடல் பிக்கப். ரெண்டு கை மாறி எங்கிட்ட வந்துச்சு. எங்க ஊர்ல இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட் 18 கிலோமீட்டர். தக்காளி, முருங்கை, மிளகாய், எரு, சோளத்தட்டு எல்லாம் அந்த வண்டியிலதான். என் காட்டுச் சரக்கு மட்டும் இல்ல. வண்டி இல்லாத அக்கம்பக்கத்துக் காட்டுக்காரங்க பெட்டியும் ஏறும். பெட்டிக்கு 12 ரூபா வாடகை.

பெட்டின்னா பிளாஸ்டிக் பெட்டி. எங்க பக்கம் தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்குலதான் போகும். காலிப் பெட்டி எடையையும் சேர்த்தா பதினஞ்சரை கிலோ வரும். ஆர்.சி. புக்குல என் வண்டிக்குப் போட்டிருக்குற பாரம் 1,200 கிலோ. அந்தக் கணக்குக்கு 75 பெட்டி ஏத்தலாம். நான் ஏத்துனது 110. அதாவது 1,700 கிலோ. அரை டன் கூட.

"எல்லாரும் ஏத்தறாங்க"ன்னு நானும் ஏத்துனேன். வேற காரணம் சொல்லத் தெரியல.

போன ஆடி மாசம் பார்த்தா வண்டி பின்பக்கம் உக்காந்து போச்சு. காலி வண்டியே கர்ப்பிணி எருமை மாதிரி பின்னாடி தொங்குது. பாரம் ஏத்துனா பள்ளத்துல 'டங்'னு ஆக்சில் மேல போய் ரப்பர்ல இடிக்குது. முன்பக்கம் தூக்கிக்கிட்டு லைட்டு வெளிச்சம் எதுத்தாப்ல வர்றவன் மூஞ்சிக்குப் போகுது. வர்றவன் எல்லாம் லைட்டை அணைச்சு அணைச்சுத் திட்டிட்டுப் போவான்.

டவுன்ல கார் ஓட்டுற உங்களுக்காக ஒரு விஷயம் சொல்லிடறேன். பாரம் தூக்குற வண்டிக்குப் பின்னாடி சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலா பெரும்பாலும் பட்டைதான் இருக்கும். வில்லு மாதிரி வளைஞ்ச எஃகுப் பட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நடுவுல சென்டர் போல்ட் போட்டு, யு போல்ட்டால ஆக்சிலோட இறுக்கிக் கட்டியிருப்பாங்க. நீளமா இருக்குறது மெயின் பட்டை. அதோட ரெண்டு முனையையும் சுருட்டிக் கண்ணு மாதிரி பண்ணியிருப்பாங்க. ஒரு கண்ணு சேசிஸ்ல நிலையா நிக்கும். இன்னொண்ணு சேக்கிள்ல தொங்கும். பாரம் ஏறினா வளைவு நிமிர்ந்து பட்டை நீளும் இல்லையா, அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் சேக்கிள். பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித்தான் குலுக்கலைத் தணிக்கும். மிச்சத்தை ஷாக் அப்சார்பர் பார்த்துக்கும்.

வருசக்கணக்கா அதிக பாரம் ஏத்துனா எஃகும் அசந்துரும். வளைவு போயிரும். அதுக்கு மூணு வழி. பழைய பட்டையைப் பழுக்கக் காய்ச்சி அடிச்சு மறுபடி வளைக்கலாம். புதுசா செட்டா மாத்தலாம். இல்லைன்னா இருக்குறதோட ஒண்ணு ரெண்டு பட்டையைக் கூட்டலாம்.

நான் மூணாவதைப் பிடிச்சேன். செலவும் கம்மி, பாரமும் கூட ஏத்தலாம்னு நினைப்பு. பட்டறைக்காரர் கேட்டார், "எவ்ளோ ஏத்துவீங்க?" நான், "ஒரு டன், அதுக்கு மேல போகாது"ன்னேன். கூசாம பொய் சொன்னேன். "இனிமே தாழவே கூடாது, அப்படிப் போடுங்க"ன்னும் சொன்னேன். பக்கத்துக்கு ரெண்டு தடிச்ச பட்டை. கூலியோட 5,500 ரூபா. கேட்டதைச் செஞ்சு கொடுத்தார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல.

வண்டி பின்னாடி தூக்கிக்கிட்டுக் கிடாய் மாதிரி நின்னுச்சு. ஊருக்குள்ள ஓட்டிட்டு வரும்போது எனக்கு அவ்ளோ பெருமை. அடுத்த நாளே 110 பெட்டி. வண்டி அசையல.

முதல்ல கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரிதான். பக்கத்துல உக்காந்து மார்க்கெட்டுக்கு வந்தவ, திரும்பி வரும்போது வேடசந்தூர்க்காரங்க பாணியில ஒரே வார்த்தை சொன்னா: "இதுக்கு நடந்தே போலாம்." காலி வண்டியில ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புல தெரியுது. அவளுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. அதுக்கப்புறம் அவ வண்டியில ஏறல. பஸ்லதான் வந்தா.

ரெண்டாவது சொன்னது தக்காளி. முழுப் பாரம் ஏத்துனா ஓரளவு பரவாயில்ல. முதல் பறிப்பு, கடைசிப் பறிப்புல நாப்பது பெட்டிதான் வரும். அந்தப் பாரத்துக்கு அந்தப் பட்டை வளையவே வளையாது. பின்வரிசையில அடியில இருக்குற பெட்டியெல்லாம் கன்னிப் போயிருக்கும். மண்டிக்காரர் கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துட்டு, "என்னங்க, கட்டை வண்டியிலயா கொண்டு வந்தீங்க?"ன்னார். ரெண்டாம் தரத்துல சேர்த்துட்டார்.

கட்டை வண்டின்னதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துச்சு. அவர்கிட்ட ரெண்டு வண்டி இருந்துச்சு. ஒண்ணு பார வண்டி. அதுல ஸ்பிரிங் கிடையாது. மூட்டை ஏத்தி ஆடி அசைஞ்சு போகும். இன்னொண்ணு வில்லு வண்டி. அச்சுக்கு மேல இரும்புப் பட்டை வில்லு வச்சுக் கட்டுனது. பொம்பளைங்க, குழந்தைங்க, விருந்தாளிங்க போறதுக்கு. அதுல அவசரத்துக்குக் கூட ஒரு நெல்லு மூட்டை ஏத்த விடமாட்டார். "வில்லு வளையறதுக்குத்தான்டா இருக்கு, தாங்கறதுக்கு இல்ல"ன்னு சத்தம் போடுவார். எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. தாத்தா சிடுமூஞ்சின்னு நினைச்சேன்.

மூணாவதா நடந்ததுதான் என்னைத் தூக்கி உக்கார வச்சுது.

மார்கழி மாசம், விடியக்காலம் அஞ்சு மணி இருக்கும். நல்ல பனி. 110 பெட்டியோட போறேன். வண்டி பின்னாடி தூக்குனதுல இப்ப லைட்டு வெளிச்சம் எதுத்தாப்ல போகாம ரோட்டுல கிட்டத்துலயே விழுந்துரும். அதை நான் கண்டுக்கல. ஒரு இறக்கம் இருக்கு, கீழ வலது பக்கம் ஒரு சந்து. அந்தச் சந்துல இருந்து பால்காரத் தம்பி டிவிஎஸ் 50-ல ரெண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கிட்டு ரோட்டுல ஏறிட்டார்.

பிரேக்கை மிதிச்சேன். முன்பக்கம் குனியுது, வண்டி போய்க்கிட்டே இருக்கு. முன்சக்கரம் கத்துது. பின்சக்கரம் பிடிச்ச மாதிரியே தெரியல. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். அவருக்கும் எனக்கும் ஒரு முழம் இருக்கும்போது நின்னுச்சு. அவர் பயத்துல வண்டியோட சாய்ஞ்சுட்டார். ஒரு கேன் உருண்டு பால் பூராவும் ரோட்டுல போச்சு.

அவர் திட்டல. எழுந்து லுங்கியைத் தட்டிக்கிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏண்ணே, வண்டி நிக்கலையா?"

அவ்வளவுதான் கேட்டார். பால் காசு கொடுத்தேன், வாங்கல. "விடுங்கண்ணே, நமக்கு ஒண்ணும் ஆகல இல்ல"ன்னுட்டுப் போயிட்டார். அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. சின்னது மூணாவது படிக்குது. அன்னைக்கு மார்க்கெட்ல என்ன விலை போச்சுன்னு கூட எனக்கு ஞாபகம் இல்ல.

பிரேக்ல கோளாறுன்னுதான் நினைச்சேன். லைனிங் பார்த்தாச்சு, ஆயில் பார்த்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு. கடைசியா ஒரு வயசான பாய்கிட்ட போனேன். நாமக்கல்ல லாரி வேலை கத்துக்கிட்டவர். வண்டிக்கு அடியில படுத்து அஞ்சே நிமிஷத்துல வெளிய வந்து, என்னையும் குனிஞ்சு பார்க்கச் சொன்னார்.

பின் ஆக்சில்ல இருந்து ஒரு சின்னக் கம்பி மேல போய், சேசிஸ்ல இருக்குற ஒரு வால்வோட சேருது. லோடு சென்சிங் வால்வுன்னு பேரு. வண்டியில பாரம் ஏறினா சேசிஸ் தாழும். அந்தக் கம்பி நகர்ந்து, பாரம் இருக்குன்னு வால்வுக்குச் சொல்லும். வால்வு பின்சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட அனுப்பும். காலி வண்டின்னா சேசிஸ் உசரத்துல நிக்கும், அழுத்தத்தைக் குறைச்சு அனுப்பும். இல்லைன்னா காலி வண்டியில பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கிரும்.

பாய் சொன்னார்: "அண்ணே, உங்க பட்டை தாழவே மாட்டேங்குது. 1,700 கிலோ ஏத்துனாலும் வால்வு காலி வண்டின்னு நினைச்சுக்குது. பாரத்தைப் பட்டை தூக்கிரும். ஆனா பாரம் இருக்குன்னு பிரேக்குக்கு யார் சொல்றது?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. இனிமே தாழவே கூடாதுன்னு கேட்டு வாங்குனது நானேதானே.

பையன் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறான். அவன்கிட்ட சொன்னேன். ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டான். "அப்பா, பட்டையோட விறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்குக்குத் தகுந்த மாதிரி ஏறும். 6 மில்லிப் பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்துல 8 மில்லிப் பட்டை போட்டா, ரெண்டு மில்லிதானேன்னு தோணும். ஆனா விறைப்பு ரெண்டேகால் மடங்குக்கு மேல போயிரும்." பத்தாவது படிச்ச எனக்கு மும்மடி புரியல. ஆனா தாத்தா எதுக்குச் சத்தம் போட்டார்னு புரிஞ்சுது. வளைய வேண்டியது வளையலைன்னா, அந்த அடியை அதுக்கு மேல இருக்குறது எல்லாம் வாங்கோணும். தக்காளி வாங்குச்சு, என் வீட்டுக்காரி இடுப்பு வாங்குச்சு, சேசிஸும் வாங்கியிருக்கு. சேக்கிள் பக்கத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசலைப் பாய் காட்டுனார்.

மாசி மாசம் எல்லாத்தையும் கழட்டிப் போட்டாச்சு. கூட்டுன பட்டைங்க போச்சு. வண்டிக்குன்னு வர்ற அளவுலயே புது செட்டு ரெண்டு பக்கமும், 14,000. ஷாக் அப்சார்பர் ரெண்டு, 3,200. புஷ், சேக்கிள் பின் 1,400. விரிசலுக்கு வெல்டிங்கும் தகடும், கூலியும் சேர்த்து 3,500. மொத்தம் 22,100. முதல்ல கொடுத்த 5,500 தண்டம். பாய் அந்த வால்வுக் கம்பியையும் அளவு பார்த்து வச்சுக் கொடுத்தார். "ஐநூறு கிலோமீட்டர் ஓடுனதும் வாங்க, யு போல்ட்டை ஒருக்கா இறுக்கோணும். புதுப் பட்டை அமரும்"னார். பழைய பிக்கப் வச்சிருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா இந்த ரெண்டை மட்டும் மறந்துராதீங்க. பட்டையில கை வச்சா வால்வுக் கம்பியைப் பாருங்க. யு போல்ட்டை மறுபடி இறுக்குங்க.

வண்டி இப்ப நல்லா இருக்கு. பள்ளத்துல இறங்கி அலுங்காம ஏறுது. வீட்டுக்காரி மறுபடி பக்கத்துல உக்காந்து வர்றா.

ஆனா சிரமமான வேலை அதுக்கப்புறம்தான் இருந்துச்சு. 75 பெட்டிக்கு மேல ஏத்த மாட்டேன்னு சொல்லோணுமே. மேக்காட்டு அக்கா தனியா அரை ஏக்கர் தக்காளி போட்டிருக்கு. வீட்டுக்காரர் இல்ல. அதோட பத்துப் பெட்டி எப்பவும் என் வண்டியிலதான் போகும். போன வாரம் வண்டி நிறைஞ்ச பிறகு தலையில பெட்டியோட வந்து நின்னுச்சு. "அக்கா, இந்த நடைக்கு முடியாது"ன்னேன். "பத்துப் பெட்டிதானே தம்பி. மேல ஓரமா வச்சுக்க, எப்பவும் வைக்கிறதுதானே"ன்னுச்சு. என்னால அது முகத்தைப் பார்க்க முடியல. பால் கொட்டுன கதையைச் சொன்னேன். பதில் பேசாம கொஞ்ச நேரம் நின்னுட்டு, "அப்ப ரெண்டாம் நடை எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டுச்சு.

இப்ப ரெண்டு நடைதான். ரெண்டாம் நடைக்குப் போக வர 36 கிலோமீட்டர், மூணு லிட்டர் டீசல், 280 ரூபா பக்கம். 35 பெட்டிக்கு வாடகை 420. கையில நிக்கிறது 140 ரூபா. முன்னாடி அந்த 420-ம் அப்படியே நிக்கும்னு நினைச்சேன். அதிக பாரத்துக்குச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் 20,000 ரூபா அபராதம், அது போக கூடுதலா இருக்குற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைக் கணக்குல சேர்க்கவே இல்ல. பால்காரத் தம்பியையும் சேர்க்கல.

அவர் இப்பவும் தினம் அதே நேரத்துக்கு அந்தச் சந்துல இருந்துதான் வர்றார். நான் இறக்கம் ஆரம்பிக்கும்போதே காலைப் பிரேக் மேல வச்சுக்கறேன். என் வண்டியைப் பார்த்தா ஓரமா நின்னு கையைத் தூக்கறார். நாளைக்கு அஞ்சாம் பறிப்பு. முதல் நடையில மேக்காட்டு அக்கா பெட்டிதான் முதல்ல ஏறும்னு சொல்லியிருக்கேன்.