ஊவா மலையும் கண்டியின் கடைசி மன்னனும்

பெரகலையிலிருந்து இறங்கும் பஸ் வண்டி ஹல்துமுல்லையை நெருங்கும்போது பயணிகளின் தலைகள் தாமாகவே இடப்புறம் திரும்பும். அங்கே மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே தென்திசை நோக்கித் தாழ்நிலம் பரந்து கிடக்கிறது. மறுபுறத்திலோ தேயிலைச் சரிவுகளும் லயங்களும். போர்த்துக்கேயர் கோட்டை என்று கூறப்படும் கட்டுகொடெல்ல இடிபாட்டைக் காணச் சிலர் வருவதுண்டு. எனக்கோ, கிழக்கே கண்ணுக்கெட்டாத வெல்லஸ்ஸவின் நினைவே மேலிட்டது. ‘இலட்சம் வயல்’ என்பது அப்பெயரின் பொருள். கண்டியின் கடைசி மன்னனைப் பற்றிப் பள்ளியில் நாம் படித்த பாடத்தை ஐயுறச் செய்யும் பூமி அது.

நாயக்கர் வழிவந்த கண்ணுசாமி என்னும் இளைஞன் 1798இல் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனாக அரியணை ஏறினான். ஏற்றிவைத்தவர் முதல் மந்திரி பிலிமத்தலாவை; பொம்மையை அமர்த்தித் தாமே ஆளலாம் என்பது அவர் கணக்கு. 1803இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து முத்துசாமி என்பவனுக்கு முடிசூட்டினர். மன்னன் காட்டுப்புறம் ஒதுங்கினான். காய்ச்சல் அந்நியர் படையை அரித்தது. ஜூன் மாதம் மேஜர் டேவி சரணடைந்தார். சரணடைந்தோரையும் கொன்றது அவ்வாட்சியின் தீராக் கறை. 1811இல் பிலிமத்தலாவையின் தலை உருண்டது. எகலப்பொலை எதிரியாகவே, 1814இல் அவருடைய மனைவியும் மக்களும் கொல்லப்பட்டனர். பாலகரைக் கொன்றவனுக்காக வழக்காட நான் வரவில்லை.

1815 பெப்ரவரி 18இல் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கொடுங்கோலனை வெறுத்த மக்களுக்கு விடுதலை அளித்தோம் என்றனர் ஆங்கிலேயர்.

பெல்ஜியத்து மன்னர் மூன்றாம் லியோபோல்டு 1940இல் ஜெர்மானியரிடம் சரணடைந்தார். அது துரோகமா, விவேகமா என்று அந்நாட்டவர் பத்தாண்டுகள் வாதாடினர்; 1950இல் வாக்கெடுப்பே நடத்தினர். நூற்றுக்கு 57 பேருக்கு மேல் ஆதரித்தும், கலகம் மூண்டதால் 1951இல் அவர் முடிதுறந்தார். கண்டி மன்னனுக்கு வாக்கெடுப்பு ஏது? ஆயினும் ஊவா ஒன்றை நடத்திற்று என்றே சொல்வேன்.

1817இல் வெல்லஸ்ஸக் காட்டில் ஒருவன் தோன்றி, தான் துரைசாமி என்றும் நாயக்க அரசகுலத்தவன் என்றும் கூறினான். மக்கள் திரண்டனர். அக்டோபரில் பதுளை அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கச் சென்ற கெப்பிட்டிப்பொலைத் திசாவையும் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். ஆங்கிலேயர் தந்த துப்பாக்கிகளை அவர்களுக்கே திருப்பியனுப்பினார். பிறர் ஆயுதத்தால் அவரையே எதிர்க்க மனமில்லாத வீரம் அது! ‘துரைசாமி’யோ உண்மையில் வில்பாவையைச் சேர்ந்த சிங்களவன், முன்னாள் பிக்கு. தலைவர்கள் அதிகாரம் இழந்தமை முதலிய காரணங்களும் கிளர்ச்சிக்கு உண்டு. ஆனால் நாடே வெறுத்ததாகச் சொல்லப்பட்ட குலத்தின் பெயரை இரண்டே ஆண்டுகளில் ஒரு சிங்களவன் கடன் வாங்குவானேன்? அப்பெயருக்கு மக்கள் எழுந்து வருவானேன்?

ஆங்கிலேயர் பயிரை எரித்தனர், கால்நடைகளை அழித்தனர், இலட்சம் வயல் பாழாயிற்று. 1818 நவம்பரில் கெப்பிட்டிப்பொலை சிரச்சேதம் செய்யப்பட்டார். மன்னன் வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்தான்.

அந்த 1815 ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் உண்டு. மன்னனின் உறவினரும், வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆடவரும் அனுமதியின்றிக் கண்டி நாட்டினுள் நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. சில பத்தாண்டுகளில் கோப்பி வந்தது. பின்னர் தேயிலை வந்தது. அதே ஆங்கில ஆட்சியில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் இம்மலைகளுக்குத் திரட்டி வரப்பட்டனர். ஹல்துமுல்லைச் சரிவுகளில் இன்று கொழுந்து பறிப்போர் அவர்களின் வழித்தோன்றல்களே.