எல்லாருக்கும் இருக்கிறதுதானே?

பாலக்கோடு
மார்ச் 22, 2025, சனி

நாலு பேர் கூடின இடத்துக்குப் போய்வந்தால் ஆள் ஓய்ந்துபோகிறீர்களா? யாரிடமாவது பேசப் போகும்முன் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறீர்களா? ஜாக்கெட்டின் உள்தையல் உறுத்தினால் நாள் முழுக்க வேறு நினைப்பே ஓடுவதில்லையா? எல்லோரும் சிரிக்கும்போது காரணம் புரியாமலே சேர்ந்து சிரித்ததுண்டா?

அக்கா மகள் ஓசூரிலிருந்து அனுப்பிய தாள்களில் இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பெண்களிடம் ஆட்டிசம் எப்படித் தென்படும் என்று சமந்தா கிராஃப்ட் என்ற அமெரிக்கப் பெண் தொகுத்த பட்டியலையும், அதைப் போன்ற வேறு சிலவற்றையும் படித்துத் தன் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். கிராஃப்டுக்கே ஆட்டிசம் உண்டு. தன் பட்டியல் அதிகாரபூர்வமானதல்ல என்று தலைப்பிலேயே குறித்தவர் அவர்.

"சித்தி, யாரோ என் பக்கத்துல உக்காந்து பாத்து எழுதின மாதிரி இருக்கு" என்றாள் போனில். இருபத்தேழு வயதில் முதல்முறையாகத் தன்னைப் பற்றி ஏதோ பிடிபட்ட நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. அதே தாளை அக்காவும் படித்திருக்கிறாள். "இதுல பாதிக்கு மேல எனக்கும்தான் இருக்கு. அப்ப நானும் அதானா? எல்லாருக்கும் இருக்கிறதுதானே, நீயே அவளுக்கு எடுத்துச் சொல்லு" என்றாள்.

அம்மாவும் மகளும் சொன்னது இரண்டுமே உண்மை. இந்த ஒன்றியத்துப் பள்ளிகளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிற எனக்கு, இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று விளக்கத் தெரிய வேண்டும். அவசரத்தில் ஏதோ சொல்லி அந்தப் பெண்ணின் வாயை அடைக்க மனமில்லை. எழுதிப் பார்த்துக்கொண்டு பேசலாம்.

மார்ச் 24, திங்கள்

இரவு பழைய பயிற்சிக் குறிப்புகளை எடுத்தேன். இந்த வகைத் தாள்களில் அதிகம் புழங்குவது 2001-இல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் வெளியிட்ட ஏ.க்யூ. மொத்தம் 50 வாக்கியங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 80 சதவீதம் பேர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள். பொதுமக்களில் 2 சதவீதம் பேர்தான் அந்த அளவைத் தொட்டார்கள். கேட்டால் கச்சிதமாகப் பிரித்துவிடும் கருவி போலத் தெரிகிறது.

ஆயிரம் பெண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்தால் பத்துப் பேர். அதில் எட்டுப் பேர் 32-ஐத் தாண்டுவார்கள். மீதி 990 பேரில் 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய இருபது பேர். ஆக, தாண்டிய 28 பேரில் இருபது பேருக்கு ஆட்டிசம் இல்லை! தாளில் தவறில்லை. அரிதான ஒன்றை ஊர் முழுக்கத் தேடினால் எந்தத் தாளுக்கும் இதுதான் கதி. ஏற்கெனவே தொல்லை இருந்து மருத்துவரிடம் வருகிறவர்கள் மத்தியில் பயன்படுத்தினால் கணக்கு மாறும். எவ்வளவு பேர் 'ஆமாம்' சொல்வார்கள் என்பது, கேள்வியை யார் முன்னால் வைக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

இன்னொன்று. அதன் ஒரு வாக்கியம் வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கவனிக்கும் பழக்கத்தைப் பற்றியது. பஞ்சப்பள்ளி பக்கம் நாளுக்குச் சில தடவை மட்டும் வரும் பஸ்ஸுக்காக நிற்கிற பெண்கள் எல்லோரும் கவனிப்பார்கள். கவனிக்காவிட்டால் வீடு வந்து சேர முடியாது. மற்றொன்று, பார்ட்டிக்குப் போவதைவிட நூலகம் போகப் பிடிக்குமா என்பது. இரண்டுமே இல்லாத ஊர்க்காரி என்ன சொல்வாள்? கேம்பிரிட்ஜில் ஒருவரைத் தனித்துக் காட்டும் பழக்கம் இங்கே அன்றாடப் பிழைப்பாக இருக்கலாம்.

மார்ச் 25, செவ்வாய்

சின்னக் குறிப்பு. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு சோதனை வைத்து, "இதுதான் உன் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகங்கள். கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. மாணவர்கள் தங்களுக்கு அது பொருந்துவதாக ஐந்துக்குச் சராசரி 4.26 மதிப்பெண் போட்டார்கள். 1949-இல் வெளியான ஆய்வு.

அக்கா இதைக் கேட்டால் "பாத்தியா" என்பாள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜோதிடப் புத்தகத்து வரிகள் யாரையும் குறிப்பவை அல்ல. இந்தப் பட்டியலின் வரிகளோ நிஜமான பெண்கள் சிலர் பட்ட பாட்டிலிருந்து வந்தவை. அந்த வரியைச் சொல்லும் விதம் மொண்ணையாக இருப்பதால் மற்றவர்களையும் சேர்த்துப் பிடிக்கிறது.

மார்ச் 27, வியாழன்

மாரண்டஹள்ளி பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வகுப்பாசிரியை அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "தங்கமான புள்ள மேடம், இருக்கிற இடமே தெரியாது" என்றார். கையெழுத்து அச்சு மாதிரி. மதியச் சாப்பாட்டு வரிசையில் தோழிகளோடுதான் நிற்கிறாள். தோழிகள் சிரித்தால் சிரிக்கிறாள்.

கூடவே உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தேன். தோழிகள் சிரித்து முடித்த பிறகு ஒரு நொடி தாமதித்துத்தான் சிரிக்கிறாள். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு. மூன்றாவது பீரியடை வேறு ஆசிரியர் மாற்றி எடுத்தார். மற்ற பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள், இரண்டு நிமிடத்தில் மறந்தார்கள். இவள் நோட்டைத் திறக்கவில்லை. டெஸ்க்குக்கு அடியில் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பழைய தழும்பும் இருந்தது. மணி அடித்ததும் காதைப் பொத்தவில்லை, பொத்தக் கூடாது என்று பழகியிருக்கிறாள். உடம்பு மட்டும் விறைத்தது.

அவளுடைய அம்மா பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறார். மாலையில் போய்ப் பார்த்தேன். "ஸ்கூல்ல நல்ல புள்ளைன்னுதான் சொல்றாங்க. வீட்டுக்கு வந்தா பைய வீசிட்டு ஒரு மணி நேரம் கத்துவாக்கா. இருட்டு ரூம்ல போய்ப் படுத்துக்குவா. ராகிக் களியும் அவரைக் குழம்பும் தவிர வேற தொட மாட்டா. நாலு வயசுலேருந்து இப்படித்தான். பேய் புடிச்சிருக்குன்னு மந்திரிச்சும் பாத்தாச்சு."

அந்த வகுப்பில் கூச்சப்படுகிற பிள்ளைகள் நிறைய. சாப்பாட்டில் பிடிவாதம், சத்தம் பிடிக்காமை, ஒத்திகை பார்த்துப் பேசுவது எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் இருக்கும். பட்டியலைக் கொடுத்தால் பாதி வகுப்பு டிக் அடித்துவிடும். இவளும் அதே டிக்குகளைத்தான் அடிப்பாள். ஒரு பீரியட் மாறியதற்கு ரத்தம் கன்றக் கடித்த மணிக்கட்டுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

நேற்றைய பிள்ளையை நினைத்தே இந்திய அளவுகோலை மறுபடி எடுத்தேன். ஆட்டிசத்துக்கு மாற்றுத்திறனாளிச் சான்று தருவதற்கு நாட்டில் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ., 40 கூறுகள் கொண்டது. ஆமாம், இல்லை என்று அது கேட்பதில்லை. ஒவ்வொரு கூறும் எவ்வளவு நேரம் தென்படுகிறது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண். ஐந்தில் ஒரு பங்கு நேரம் வரைக்கும் 1. பெரும்பாலும் எப்போதும் என்றால் 5.

அப்படியானால் ஒன்றுமே இல்லாதவருக்கும் 40 மதிப்பெண் வந்துவிடுகிறது. 70-க்குக் கீழே ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. 40-க்கும் 70-க்கும் நடுவே கிடக்கும் அந்த முப்பது மதிப்பெண்தான் என் அக்காவின் கேள்விக்கு நேரான பதில். எல்லா மனிதரிடமும் இந்தக் கூறுகள் கொஞ்சம் இருக்கும் என்று அளவுகோலைச் செய்தவர்களே ஏற்றுக்கொண்டு அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கவலை வேறு பக்கம். பார்த்து, கேட்டுப் போடும் மதிப்பெண் இது. முகாமில் அரை மணி நேரம் 'தங்கமான புள்ள'யாக உட்கார்ந்திருப்பவள் 65 வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கத்துவாள். அவள் தன்னை மறைத்துக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் அவளுக்கே எதிராகிவிடும்.

மார்ச் 30, ஞாயிறு, யுகாதி

காரிமங்கலத்தில் ஓரகத்தி வீட்டில் யுகாதி. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். வேப்பம்பூப் பச்சடி முடிந்து கூடத்தில் பெண்கள் உட்கார்ந்தபோது, அக்கா மகளின் தாளிலிருந்து சில வரிகளை, என்ன ஏது என்று சொல்லாமல் வாசித்தேன். முகத்தில் ஒன்று, மனதில் ஒன்றாக இருப்பது. மற்றவர்களைப் பார்த்து எப்படிப் பேசுவது, எப்படிக் கை அசைப்பது என்று கற்றுக்கொள்வது. நான் நானாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற எண்ணம்.

கூடமே ஆமாம் என்றது. ஓரகத்தியின் மருமகள் கல்யாணமான முதல் வருடத்தைச் சொன்னாள். மாமியார் யாரிடம் எந்தக் குரலில் பேசுகிறார், யார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எத்தனை தடவை சாப்பிடச் சொன்ன பிறகு உட்காரலாம், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் படித்தாளாம். "ராத்திரி படுத்தா முகமே வலிக்கும்த்தே, சிரிச்சுச் சிரிச்சு" என்றாள். அவளுக்கு ஆட்டிசம் என்று எண்ண எதுவும் இல்லை. நம் ஊரில் பெண்பிள்ளையை வளர்ப்பதே இதற்குத்தான். உரக்கச் சிரிக்காதே, குனிந்து நட, எதிர்த்துப் பேசாதே.

லாரா ஹல் என்ற பிரிட்டன் ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 2019-இல் இந்த மறைப்பை அளக்க ஒரு வினாத்தாள் செய்தார்கள். 25 வாக்கியங்கள், குறைந்தது 25, அதிகம் 175. ஆட்டிசம் உள்ள பெண்களின் சராசரி 124 அளவில். ஆட்டிசம் இல்லாத பெண்களுக்கு 91 அளவில். 25-க்குப் பக்கத்தில் இல்லை, 91. நடிப்பு எல்லோரிடமும் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தத் தூரமும் இருக்கிறது.

மருமகளுக்கு ஒரு வருடத்தில் பழகிவிட்டது. இப்போது யோசிக்காமலே வருகிறது, தன் அம்மா வீட்டுக்குப் போனால் கால் நீட்டிப் படுக்கிறாள், தோழியோடு பேசினால் பாரம் இறங்கிவிடுகிறது. அக்கா மகளிடம் ராத்திரி போனில் இதையே கேட்டேன். "யார்கூட இருந்தா உனக்கு நடிக்க வேண்டாம்?" நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "தனியா இருந்தா" என்றாள். பத்து வருடமாக ஒரே தோழிகளோடு இருக்கிறாள். இன்னமும் ஒவ்வொரு தடவையும் முதல் நாள் மாதிரியாம்.

ஏப்ரல் 2, புதன்

உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். பள்ளியில் பிள்ளைகள் நீலத்தில் படம் வரைந்தார்கள். எல்லாப் படத்திலும் பையன்.

அதில் குழந்தைகளின் தவறு என்ன இருக்கிறது? 1943-இல் லியோ கானர் எழுதிய பதினொரு குழந்தைகளில் எட்டுப் பேர் பையன்கள். 1944-இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வரும் பையன்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் தேடினார்கள். பெண்களுக்கென்று தனிப் பட்டியல் எழுத வேண்டிவந்தது அந்தக் குறையினால்தான். அதனால்தான் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று அந்தப் பட்டியலைத் தூக்கி எறிகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வாசகம் கேட்டுத்தான் மாரண்டஹள்ளிப் பிள்ளையின் அம்மா நாலு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை காத்திருந்தார்.

ஏப்ரல் 5, சனி

அக்காவும் மகளும் வந்திருந்தார்கள். மகள் இன்னொரு வினாத்தாளும் போட்டுப் பார்த்திருக்கிறாள்: 80 கேள்விகள் கொண்ட ராட்ஸ்-ஆர். எல்லையைவிட மிக அதிகமாக மதிப்பெண் வந்ததாம். 2021-இல் பிரிட்டனில் ஒரு மருத்துவ மையத்துக்கு அனுப்பப்பட்ட 50 பேரைப் பார்த்த ஆய்வைச் சொன்னேன். தாங்களாகவே அந்தத் தாளை நிரப்பியவர்களில் ஆட்டிசம் உள்ளவர் ஒருவரையும் அது தவறவிடவில்லை. ஆனால் ஆட்டிசம் இல்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரைத்தான் 'இல்லை' என்று சரியாகச் சொன்னது. அங்கே வந்தவர்கள் பலருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற வேறு சிரமங்கள் இருந்திருக்கலாம். அவையும் இதே கேள்விகளுக்கு ஆமாம் சொல்ல வைக்கும். "அதிக மதிப்பெண் வந்தா, போய்ப் பாக்கணும்னு அர்த்தம் கண்ணு. அதுதான்னு முடிவு இல்ல" என்றேன். முகம் வாடினாலும் கேட்டுக்கொண்டாள்.

அக்காவிடம் வேறு விதமாகப் பேசினேன். மருத்துவர்கள் வைத்திருக்கும் டி.எஸ்.எம்.-5 விதிகளில், அறிகுறிகளின் பட்டியலுக்குப் பிறகு இரண்டு நிபந்தனைகள் வருகின்றன. சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். படிப்பையோ வேலையையோ உறவுகளையோ குறிப்பிடத்தக்க அளவு பாதித்திருக்க வேண்டும். "உனக்கும் ஜாக்கெட் உறுத்தும். அதுக்காக எந்தக் கல்யாணத்துக்காவது போகாம இருந்தியா?" என்று கேட்டேன். அக்கா யோசித்தாள். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்: தீபாவளிப் பட்டுப்பாவாடையைப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் இவள் கிணற்றடியில் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தது, தாத்தா வீட்டுக்கு வேறு வழியாகக் கூட்டிப் போனால் திரும்பி வந்து முதலிலிருந்து நடக்க வேண்டும் என்று புழுதியில் உட்கார்ந்தது, இரண்டாவது கம்பெனி வேலையையும் விட்டது மேலாளரால் அல்ல, உட்காரும் இடத்தைத் தினமும் மாற்றியதால் என்பது. கடைசியாகச் சொன்னதை மகளே பாதியில் வாங்கி முடித்தாள். அவற்றைத் தேதி வாரியாக எழுதச் சொன்னேன். பெங்களூரு நிம்ஹான்ஸுக்குப் போவது என்று முடிவு. அக்காவும் கூடப் போகிறாள். குழந்தைப் பருவத்துக்குச் சாட்சி அவள்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாரண்டஹள்ளிப் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது என்பதால் வழி திறந்திருக்கிறது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் 18 வயது வரை பார்ப்பார்கள். அவளுடைய அம்மா கூலியை விட்டுவிட்டு வர ஒத்துக்கொண்டார். கோப்பில் டிக் அடித்த தாளை வைக்கவில்லை. இரண்டு வாரமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியதை வைத்திருக்கிறேன்: பள்ளி விட்டு வந்து எவ்வளவு நேரம் கத்தினாள், அன்று பள்ளியில் என்ன மாறியிருந்தது, என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள். வகுப்பாசிரியையும் தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதித் தந்தார். பீரியட் மாறுவதாக இருந்தால் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவதாகவும் சொன்னார். நேற்று எழுதியிருந்தாராம். நேற்று மணிக்கட்டைக் கடிக்கவில்லையாம்.