கீழடியில் பேசிய தக்களி

மீனாட்சியம்மனைத் தரிசிக்க மதுரைக்குப் போகிறவர்கள், இன்னும் அரை நாள் ஒதுக்கினால் கீழடியையும் பார்த்துவிட்டு வரலாம். சிவகங்கை மாவட்டத்து ஊர்தான். ஆனாலும் மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், சிலைமானைத் தாண்டினால் வந்துவிடும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், முற்றமும் தூண்களுமாகச் செட்டிநாட்டு வீடு போலவே இருக்கிறது.

என் தங்கை அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அவளுடைய எட்டாம் வகுப்புப் பெண்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

இங்கே கிடைத்தவற்றில் ஒன்றின் காலம் கி.மு. 580 அளவு என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அரசர் கிரீடமோ வாளோ அல்ல, வீட்டுச் சாமான்கள்தான் அதிகம். பானை ஓடுகளில் பழைய தமிழி எழுத்தில் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். ஆதன், குவிரன் என்று படித்துச் சொன்னதும் பெண்களுக்கு ஒரே குஷி.

ஒருத்தி மட்டும், "டீச்சர், ரெண்டும் ஆம்பளைப் பேரா இருக்கே? பொம்பளைங்க பேரு எங்கே?" என்றாள்.

"கிடைச்சாத்தானே சொல்ல முடியும்? நீங்கதான் அவங்களைப் பேச வைக்கணும்" என்றாள் தங்கை. ஆளுக்கு ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அதுவே பேசுவது போலப் பத்து வரி எழுத வேண்டும். அதுதான் வேலை.

அடுத்த அரை மணி நேரம் சத்தமே இல்லை! நூல் நூற்கும் தக்களி, தறிக்கு உதவிய எலும்புக் கருவி, தந்தச் சீப்பு, பகடைக்காய், வட்டச் சில்லு என்று ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வெளியே நிழலில் உட்கார்ந்து வாசித்தார்கள். சீப்பு, "பேன் எடுக்கும்போது அழாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை" என்றதும் எல்லோரும் சிரித்தோம். தக்களி, "அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில்கூட என்னைச் சுற்றினாள். அவள் நூற்ற நூல் ஊரெல்லாம் போனது. அவள் பெயரை யாரும் ஓட்டில் கீறவில்லை" என்றது. சிரிப்பு நின்றுவிட்டது.

கடைசியாக எழுந்தவள் அதிகம் பேசாத பெண். அவள் எடுத்துக்கொண்டது சில்லை. "ரொம்ப காலம் மண்ணுக்குள்ளே இருட்டில் கிடந்தேன். ஒரு நாள் ஓர் அம்மா பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்."

அது யார் என்று கேட்டோம்.

"எங்கம்மாதான். இங்க குழி தோண்டுறப்போ கூலி வேலைக்கு வந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் அன்னிக்கு என்ன கிடைச்சுதுன்னு எனக்குச் சொல்லுவாங்க."

அம்மாவின் பெயரையும் நோட்டில் எழுதச் சொன்னாள் தங்கை. முத்து முத்தாக எழுதினாள்.

குழந்தைகளோடு கீழடிக்குப் போகிறவர்கள் தண்ணீர், தொப்பியோடு ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க ஓட வேண்டாம். ஒரு பொருளின் முன் நிதானமாக நிற்கட்டும். வீடு திரும்பியதும் பரணில் கிடக்கும் முறம், திருகை, அஞ்சறைப்பெட்டி எதையாவது இறக்கி, "இதை யார் வைத்திருந்தார்கள்?" என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி அதிலேயே ஒட்டி வையுங்கள்.