கொடியடுப்பின் கணக்கு

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஸ்காட்லாந்து சென்ற கரமனைப் பெண் ஒருவருக்கு, தங்கிய வீட்டின் விறகடுப்பு முதலில் வியப்பளிக்கவில்லை. அதன் பின்புறம்தான் வியப்பளித்தது. தீயை ஒட்டி ஓர் இரும்பு நீர்க்கலன். அதிலிருந்து மேலேறும் குழாய் ஒன்று. திரும்பி வந்து சேரும் குழாய் ஒன்று. இடையே மாடி அறையில் ரேடியேட்டர்.

இயற்பியல் எளியது. ஒரு கன மீட்டர் நீர் 4 பாகை செல்சியசில் 1000 கிலோ; 80 பாகையில் ஏறத்தாழ 972 கிலோ. சூடேறி இலேசான நீர் மேலெழ, ரேடியேட்டரில் வெப்பத்தை இழந்து கனத்த நீர் கீழிறங்குகிறது. குழாய்கள் போதிய அகலமும் சரிவும் உடையனவாயின் பம்பு இல்லாமலே இச்சுழற்சி நிகழும். ஆனால் விறகுத் தீயை நினைத்தவுடன் அணைக்க இயலாது. ஆகவே மேலே திறந்த குழாய் ஒன்று இருத்தல் வேண்டும். கொதிநீருக்கும் ஆவிக்கும் போக்கிடம் இல்லையேல் கலன் வெடிக்கும்.

இதைக் கற்கையில் அவர் நினைவில் எழுந்தது பாட்டியின் கொடியடுப்பு. சோறு வேகும் பெரிய அடுப்பின் பக்கத்தில் இன்னொரு வாய். இரண்டையும் இணைக்கும் உள்வழி. பானையைத் தீண்டிவிட்டு வீணே போகவிருந்த அனல் அவ்வழியே சென்று வெந்நீர்த் தவலையைச் சூடாக்கும். 20 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 45 பாகைக்கு உயர்த்த வேண்டிய வெப்பம் ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேரும் திறந்த அடுப்பில், அதற்குத் தனியே ஒரு கிலோ விறகு எரிய வேண்டும். கொடியடுப்பு அதைப் பெரிதும் மிச்சப்படுத்தியது.

தொலைபேசியில் இக்கணக்கைப் பெருமையுடன் சொன்னபோது பாட்டி சிரித்தார்: “வெந்நீருக்குன்னு தனியா விறகு வெச்சதில்லைடீ குழந்தே. புகைதான் மிச்சம்.”

அச்சொல்லுக்குப் பின் ஒப்பீடு முன்போல் நிற்கவில்லை. ஸ்காட்லாந்து அடுப்புக்குப் புகைபோக்கி இருந்தது. பாட்டியின் அடுப்புக்கு இல்லை. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980களில் ‘பரிஷத் அடுப்பை’ வீடுகளுக்குக் கொண்டு சென்றபோது, விறகுச் சிக்கனத்தோடு புகைபோக்கியையும் சேர்த்தே தந்தது. அவ்வியக்கம் பரப்பிய ‘சூடாறாப்பெட்டி’ கொதித்த சோற்றைத் தீயின்றியே வேகவைத்தது. அடுப்பருகே நிற்கும் நேரமும் குறைந்தது. பாட்டியின் அடுக்களைக்கு இவை வந்து சேரவில்லை. பல்லாண்டுகள் கழித்து எரிவாயுதான் வந்தது.

அடுப்புகளை மதிப்பிடும் ‘நீர் கொதிக்கும் சோதனை’யில் விறகின் எடை, நீரின் அளவு, கொதிக்க எடுத்த நேரம் ஆகியவற்றுக்கு நிரல்கள் உண்டு. அந்தப் பெண்ணின் ஆய்வேட்டு அட்டவணையிலும் அவையே இருந்தன. அன்றிரவு அவர் அதில் ஒரு நிரலைக் கூட்டினார்: அடுப்பின் முன் ஒருவர் அமர்ந்திருக்கும் நேரம். அதை எந்த அலகில் அளப்பது என்னும் வினா மட்டும் வழிகாட்டியுடனான அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்கிறது.