நாற்பது கம்பி

பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள் சக்கரத்தில் கை வைக்கவே கூடாது. கோட்டம் எடுப்பதென்றால் பதினைந்து நாளுக்கு முன்பே எடுத்து, பாரம் வைத்து ஓட்டி, கம்பிகள் படிந்தபின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கடலோரமாகக் கன்னியாகுமரி வரை போகிறோம் என்று சென்ற மாதம் கடைக்கு வந்த பிள்ளைகளிடம் இதைத்தான் சொன்னேன். அவர்களுக்கு விடிந்தால் பயணம். "காத்து மட்டும் அடிங்க அண்ணாச்சி, சைக்கிள்ல வேற என்ன இருக்கு?" என்றான் ஒரு தம்பி. அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளியிடம் வந்தவர்களில் பாதிப் பேர் மீன்காரர்கள். மீதி, துறைமுகத்தில் வேலை செய்பவர்களும் சங்கு குளிப்பவர்களும். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்ற பிறகு அவர்களுக்குச் சங்குதான். மீன்காரர்கள் திரேஸ்புரத்தில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டு, கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மிதிப்பார்கள். கூடைத் தண்ணீர் சொட்டுவது நேரே பின் ரிம்மில். அந்த 28 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பாரம் எங்கே விழும் என்று அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள் உப்பில் கடித்துக்கொண்டால் சாவி போட்டுத் திருப்பும்போது கம்பியே முறுகும். திரும்பிவிட்டது என்று நினைப்போம். ரோட்டில் ஓடியதும் முறுக்கு விட்டுப் பழைய கோட்டமே வந்துவிடும். அதனால் முதல் நாள் இரவே ஒவ்வொரு நிப்பிள் வாயிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்வார் முதலாளி. காலையில் சாவியைத் தரமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டச் சொல்வார். மந்தமாக ஒலிப்பது எது? அதுதான் நாளைக்கு ஒடியப்போகிற கம்பி. இறுக்கத்தால் ஒடிவதைவிடத் தளர்ச்சியால் ஒடிவதே அதிகம்; ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து இழுபட்டு, ஹப்பில் வளைந்து நுழையும் கழுத்தில் விட்டுப்போகும். இது என் காதுக்குப் பிடிபட்ட பிறகே சாவி கைக்கு வந்தது. வந்த பிறகும் விடவில்லை. ரிம் வலப்பக்கம் போனால் இடப்பக்கக் கம்பியை இறுக்கு, அதே அளவுக்கு வலப்பக்கத்தைத் தளர்த்து. இல்லையென்றால் ஆட்டம் போய் ஏற்ற இறக்கம் வரும். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பினால் கையிலேயே ஓர் அடி விழும்.

இப்போது பிரேக் கட்டையில் உரசாமல் ஓடினாலே கோட்டம் எடுத்தாயிற்று என்கிறார்கள். உரசுகிற இடத்தில் கைக்கு எட்டிய நிப்பிளை முறுக்கிவிட்டுக் காசு வாங்குகிறார்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் உரசவும் உரசாது, ஆகவே பார்ப்பதும் இல்லை. கம்பியோ 32, சிலவற்றில் 24. அதன்மேல் இரண்டு பக்கமும் பைகள். ப்ரீவீல் பக்கம் கம்பி ஒடிந்தால் ப்ரீவீலைக் கழற்றாமல் புதுக் கம்பி ஏறாது. கழற்றும் சாவி இருக்கிறதா என்று கேட்டேன். போனில் கடை தேடிக்கொள்வோம் என்றார்கள். பெரியதாழைக்கும் உவரிக்கும் நடுவே நின்று தேடட்டும்.

முள்ளக்காடு தாண்டினால் இருபுறமும் உப்பளம். காற்றில் வரும் உப்பு இரவு ஈரத்தை இழுத்து, விடிவதற்குள் செயினைச் சிவக்கவைத்துவிடும். திருச்செந்தூரோ மணப்பாடோ, எங்கே தங்கினாலும் முதலில் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும், சாப்பாடு அப்புறம். உடைமுள் பஞ்சரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று உவரிக்குத் தெற்கே நெஞ்சில் அறையும். தையில் வாடை முதுகுப்பக்கம் இருக்கும்.

தையில் கிளம்புகிறவர்கள் மார்கழி பிறந்ததுமே வண்டியைக் கொண்டுவரட்டும். கொண்டுபோகும் சாமான் அத்தனையும் கட்டி, பழையகாயல் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வரட்டும். மறுபடி கோட்டம் பார்த்து, நீளம் சரியான கம்பி நாலைந்தைப் பிரேம் குழாயோடு சேர்த்து டேப் சுற்றிக் கொடுக்கிறேன்.